குரோமியத்தைப் பிடிக்கும் வெள்ளைப் பொடி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், பெரிய டிரம்முக்குள் தோலோடு குரோமியம் சல்ஃபேட் கரைசலும் சேர்ந்து உருளும். தோலின் கொலாஜன் என்ற புரத இழைகளைக் குரோமியம் பிணைத்துவிடுவதால் அது அழுகாது. இளநீலமாக வெளியே வரும் அந்தத் தோலுக்கு ‘வெட் ப்ளூ’ என்றே பெயர். ஆனால் போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தோல் ஏற்பதில்லை. மிச்ச நீரில் லிட்டருக்குச் சில கிராம் நின்றுவிடும். வெளியே விட அனுமதி உள்ளதோ லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான்.

கழிவுநீரில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் பாக்டீரியா தின்று தீர்த்துவிடும். உலோகத்தை எதுவும் தின்று தீர்க்காது. நீரிலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் வைக்கத்தான் முடியும். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டிரம்மிலிருந்து வரும் நீர் அமிலத்தன்மை கொண்டது, அதனால் குரோமியம் கரைந்தே இருக்கும். காரம் சேர்த்து, அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 8, 8.5 வரை ஏற்றினால் குரோமியம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு அடியில் படியும். காஸ்டிக் சோடா போட்டாலும் இது நடக்கும், ஆனால் படிவது கஞ்சி போலக் கொழகொழவென்று இருக்கும். வடிகட்டுவது பெரும்பாடு. கை தவறி அதிகமாகக் கொட்டிவிட்டால் படிந்த குரோமியம் மறுபடி கரையவும் தொடங்கும்.

அதனால்தான் மக்னீசியம் ஆக்சைடு. இந்த வெள்ளைப் பொடி மெதுவாகக் கரைவதால் பி.எச். சட்டென்று எகிறாது, குரோமியமும் நிதானமாகத் திரண்டு, அடர்த்தியான துகளாக இறங்கும். சில மணி நேரத்தில் மேலே தெளிநீர், கீழே பச்சைக் கசடு. தெளிநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிட்டுக் கசடில் கந்தக அமிலம் ஊற்றினால் பழையபடி குரோமியம் சல்ஃபேட்! புதுச் சரக்கோடு கலந்து அடுத்த டிரம்முக்குப் போடலாம். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் டேனரிகளில் பரப்பியது இந்த மீட்பு முறையைத்தான்.

ஒரு நிபந்தனை உண்டு. இந்த நீரைத் தனிக் குழாயில் பிடித்தாக வேண்டும். சுண்ணாம்பு, முடி, சதைக் கழிவு வரும் மற்ற நீரோடு கலந்துவிட்டால் குரோமியம் மொத்தக் கசடோடு சேர்ந்துவிடும். அப்புறம் அதைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. பாதுகாப்பான குழியில் புதைக்க வேண்டியதுதான்.

இதுவரை சொன்னது குரோமியத்தின் ஒரு வடிவமான மூன்று இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் (குரோமிய உப்பு) ஆலையின் கழிவுக் குவியலில் இருப்பது இன்னொரு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம். நீரை மஞ்சளாக்கும், புற்றுநோய் உண்டாக்கும். காரம் சேர்த்தாலும் படியாது. தொட்டியில் என்றால் முதலில் அமிலம் விட்டு பி.எச். அளவை 2, 3 வரை இறக்கி, சோடியம் பைசல்ஃபைட் சேர்க்க வேண்டும். மஞ்சள் பச்சையாகும். அதாவது ஆறு, மூன்றாகிவிட்டது. பிறகு காரம் சேர்த்தால் படிந்துவிடும்.

நிலத்தடி நீரில் இறங்கிவிட்டால் இப்படி அமிலம் ஊற்ற முடியாது. ஃபெரஸ் சல்ஃபேட் போன்ற இரும்பு உப்பைக் குழாய் இறக்கி மண்ணுக்குள் செலுத்துவது ஒரு வழி. அமிலம் இல்லாமலே அது ஆறை மூன்றாக்கும். அந்தக் குரோமியம் மண்ணிலேயே படிந்து நின்றுவிடும்.