கிருமி ஊசிக்குப் பணம் கட்டுவதற்கு முன்

சாயங்காலம் மருந்தகத்தில் கூட்டம் குறைந்த நேரம். மருந்துப் பையை வாங்கிக்கொண்ட பிறகும் அந்தப் பெண் நகரவில்லை. கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "சிஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்களேன். அப்பாவுக்கு இந்த ஊசி போடலாமா?" என்றார். பின்னால் நாற்காலியில் அப்பா. வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சில் பாதி வழி வந்திருந்தார். 30 தடவையில் 13 முடிந்திருந்தது. வாயெல்லாம் புண், கஞ்சி குடித்தாலும் எரிச்சல். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

வாட்ஸ்அப்பில் வந்த காணொளி அது. வைரஸ் கிருமியின் வழியாக மரபணுவை அனுப்பினால் புற்றுநோய்ச் செல்கள் தாமாகவே செத்துவிடும், வலி இல்லை, முடி கொட்டாது என்று ஒரு வெளிநாட்டுச் சிகிச்சை நிலையம் சொல்கிறது. கேட்ட பணம் பல்லாயிரம் வெள்ளி. கதிர்வீச்சை நிறுத்திவிட்டு அடுத்த வாரமே கிளம்புவதாக யோசனை.

அதில் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். பாதி உண்மை என்பதால்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

நம் உடம்பில் பழுதான செல்கள் ஒழுங்காகத் தம்மை முடித்துக்கொள்ளும். அதற்கான கட்டளை மரபணுக்களிலேயே இருக்கிறது. ஒரு சின்னப் புழுவில் உண்டாகும் 1,090 செல்களில் 131 செல்கள் தவறாமல் இப்படிச் சாகின்றன. இந்த வழியில் நடந்த ஆய்வுக்காக 2002இல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் சிட்னி பிரென்னரும் ஒருவர். சிங்கப்பூரில் உயிர்மருத்துவ ஆராய்ச்சி வேரூன்ற உழைத்தவர், 2019இல் இங்கேயே காலமானார்.

புற்றுநோய்ச் செல் அந்தக் கட்டளைக்கு மசிவதில்லை. சுமார் பாதிப் புற்றுநோய்களில் பி53 என்ற காவல் மரபணுவே கெட்டுப்போயிருக்கும். சரி, நல்ல பி53ஐ வெளியிலிருந்து உள்ளே அனுப்பினால்? செல்லுக்குள் நுழைவதில் கிருமியை மிஞ்ச ஆளில்லை. சளிக்காய்ச்சல் தரும் அடினோவைரஸில் அது பெருகுவதற்குத் தேவையான பகுதியை எடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய மரபணுவை ஏற்றுகிறார்கள். சீனா 2003இல் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இப்படி ஒரு மருந்தை அனுமதித்தது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை.

இன்னொரு வழியை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்பு, ஏனென்றால் அதன் பாதி எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. கான்சிக்ளோவிர். சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி. உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு வரும் கிருமித் தொற்றுக்குக் கொடுப்போம். கரைக்கும்போது இரண்டு கையுறை, மேலங்கி, காற்று வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டி எல்லாம் வேண்டும். ஹெர்பிஸ் கிருமியின் ஒரு மரபணுவைக் கட்டிக்குள் புகுத்திவிட்டு இந்த மருந்தைக் கொடுத்தால், அந்த மரபணு ஏறிய செல்லுக்குள் மருந்து விஷமாக மாறும். பிரிந்து பெருகும் செல் செத்துப்போகும். ஒட்டியிருக்கும் அக்கம்பக்கத்துச் செல்களுக்கும் அந்த விஷம் கசியும்.

கேட்க அருமைதான். ஆனால் கட்டியில் இருப்பவை கோடிக்கணக்கான செல்கள். கிருமி போய்ச் சேர்வது அதில் கொஞ்சம்தான். இரத்தத்தில் செலுத்தினால் பெரும்பகுதியைக் கல்லீரல் பிடித்துக்கொள்ளும், ஏற்கெனவே நம் உடம்பில் இருக்கும் எதிர்ப்பு சக்தியும் அதை அழித்துவிடும். அதனால்தான் பெரும்பாலும் நேரே கட்டிக்குள்ளேயே குத்துகிறார்கள். வேறு இடத்துக்குப் பரவியதை அது தொடாது. மூளைக் கட்டி உள்ள 248 பேரிடம் இந்த ஹெர்பிஸ் மரபணு முறையைச் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை. 1999இல் அமெரிக்காவில் ஜெசி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன், வேறொரு பிறவிக் குறைபாட்டுக்கான ஆய்வில், அடினோவைரஸ் செலுத்திய நாலாம் நாள் இறந்துபோனான்.

இப்படிச் செல்லைச் சாகவைக்கும் மரபணு நன்றாக வேலை செய்த இடமும் உண்டு. கட்டியில் இல்லை, சிகிச்சைக்காகக் கொடுத்த செல்களில். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தானமாகக் கிடைத்த தற்காப்புச் செல்களுக்குள் இப்படி ஒரு மரபணுவை முன்னாலேயே வைத்திருந்தார்கள். அந்தச் செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்கத் தொடங்கியதும் அந்த மரபணுவை முடுக்கிவிடும் ஒரு மருந்து கொடுத்தார்கள். நான்கு நோயாளிகளிடமும் 30 நிமிடத்தில் அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன.

இவ்வளவையும் அங்கே சொல்லவில்லை, பாதி சொன்னேன். அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: தலை, கழுத்துக் கதிர்வீச்சில் இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகும், விட்ட நாளை அப்படியே திருப்பிப் பிடிக்க முடியாது. சீனாவின் அந்த ஊசியையும் கதிர்வீச்சோடு சேர்த்துத்தான் சோதித்தார்கள்.

பிறகு மருந்துப் பையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஊசியில் இருக்கும் கிருமி எது, மரபணு எது? அப்பாவுக்கு இருக்கும் இதே புற்றுநோயில் எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? அந்த நாட்டு மருந்து ஆணையம் அனுமதித்ததா? ஆய்வு என்றால் நோயாளியிடம் ஏன் இவ்வளவு பணம்? திரும்பி வந்த பிறகு காய்ச்சல் கண்டால் பொறுப்பு யார்? இங்கே மரபணு மருந்துகளுக்கு 2021 முதல் சுகாதார அறிவியல் ஆணையத்தின் தனி விதிமுறைகள் இருக்கின்றன, புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டால் நடப்பில் உள்ள ஆய்வுகளைப் பார்த்துச் சொல்வார் என்றும் சொன்னேன்.

பெரியவர் அதுவரை வாய் திறக்கவில்லை. "புண்ணு தாங்க முடியலம்மா. அதான் இதை நிறுத்திடலாம்னு பார்த்தேன்" என்றார். ஊசியின் மேல் ஆசையால் இல்லை, வலியால்தான் வந்த யோசனை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசினேன். வலி மருந்தின் அளவைக் கூட்டினார், வாய் மரக்க ஒரு கொப்புளிப்பு மருந்தும் எழுதினார். சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கொப்புளிக்கச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் 14ஆவது தடவைக்குப் போனார்.