செடிக்குச் சாப்பாடு உர மூட்டையில் இல்லை

போன செவ்வாய்க்கிழமை செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு ஆச்சி ஆட்டோவில் துளசித் தொட்டியை ஏற்றிக்கொண்டு எங்கள் நர்சரிக்கு வந்தார்கள். தொட்டி சாயாமல் இருக்க இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்கள். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதுக்கு என்ன உரம் போட்டாப் பிழைக்கும்?"

இந்த மாதத்தில் இதே கேள்வியோடு வந்த ஐந்தாவது தொட்டி அது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

செடியைப் பார்த்தேன். துளசி என்றால் அடியில் இருந்தே கிளைத்துப் புதர் மாதிரி நிற்க வேண்டும். இது ஒல்லியாக, ஒரே பக்கமாகச் சாய்ந்து, கணுவுக்குக் கணு ஒரு விரல் நீளம் இடைவெளி விட்டு வளர்ந்திருந்தது. நுனியில் மட்டும் வெளிறிய பத்துப் பன்னிரண்டு இலை. தொட்டி மண்ணின் மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே ஈரம் சொதசொத என்று இருக்கிறது, புளித்த வாடை வேறு. ஒரு வேரை எடுத்து இரண்டு விரலால் இழுத்தேன். தோல் மட்டும் உறை மாதிரிக் கழன்று கையோடு வந்துவிட்டது.

"என்னென்ன போட்டீங்க ஆச்சி?"

யூரியா, அப்புறம் டிஏபி, காய்ந்த டீத்தூள், முட்டை ஓடு, பஞ்சகவ்யம், போதாததற்கு யாரோ சொன்னார்கள் என்று ஏதோ ஒரு பாட்டில் மருந்து. நான்கு மாதத்தில் இத்தனையும்.

"எங்கே வச்சிருக்கீங்க?"

"வளவுலதான், நடு முற்றத்துல. எங்க மாமியார் காலத்துல இருந்து மாடம் அங்கதான் இருக்கு."

"மேலே திறந்திருக்கா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்கள். "குரங்குத் தொல்லை தாங்காம போன வருஷம் மகன் தகடு அடிச்சுக் குடுத்தான்."

இவ்வளவுதான் விஷயம். அந்தச் செடி பட்டினி கிடந்திருக்கிறது.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. முகப்பைத் தாண்டிப் போனால் நடுவில் வானம் பார்த்த முற்றம். காற்று, வெளிச்சம், மழைத் தண்ணீர் மூன்றும் அந்த ஒரு திறப்பு வழியாகத்தான் வீட்டுக்குள் இறங்கும். அதனால்தான் துளசி மாடமும் அங்கே தழைத்தது. இப்போது குரங்குக்காக, மழைச் சாரலுக்காக, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பற்றிய கவலை இருப்பதால், முற்றத்துக்கு மேலே தகடோ, பச்சை நிற பைபர் ஷீட்டோ போட்டு மூடிவிடுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் கீழே ஒரு உயிர் இருக்கிறதே, அதற்குச் சோறு எந்த வழியாக வந்துகொண்டிருந்தது என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒளிச்சேர்க்கை என்ற பாடத்தை எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். இலையில் பச்சையம் இருக்கிறது. அது வெயிலைப் பிடிக்கிறது. வேர் கொண்டுவரும் தண்ணீரையும் இலைத்துளை வழியாக வரும் கரியமில வாயுவையும் வைத்து இலை சர்க்கரை செய்கிறது. ஆக்சிஜன் வெளியே போகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். பாடத்தை ஒப்பிக்கிற அதே வாய்தான் இருபது வருஷம் கழித்து என்னிடம் வந்து "செடிக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டேதான் இருக்கேன், ஏறவே மாட்டேங்குது" என்கிறது. சாப்பாடு என்று அவர்கள் சொல்வது உரத்தை.

இந்த ஒரு எண்ணத்தை மட்டும் மாற்றிவிட முடிந்தால் எங்கள் ஊர்த் தொட்டிகளில் பாதி பிழைத்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் பெல்ஜியம் நாட்டுப் பகுதியில் வான் ஹெல்மான்ட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். மரம் எதைத் தின்று பெருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். 200 பவுண்டு காய்ந்த மண்ணை எடை போட்டுத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் விட்டார். பிறகு பிடுங்கி எடை போட்டால், மரம் 169 பவுண்டு. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தால், குறைந்தது இரண்டே அவுன்ஸ். நம் கணக்கில் 60 கிராமுக்கும் குறைவு. அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி; காற்றின் பங்கு அப்போது அவருக்குத் தெரியவில்லை. 1779இல் இங்கன்ஹவுஸ் என்பவர்தான் பச்சை இலையும் வெயிலும் சேர்ந்தால்தான் இந்த வேலை நடக்கும், இருட்டில் நடக்காது என்று காட்டினார். ஆனால் மண் என்ன கொடுத்தது என்ற கேள்விக்கு வான் ஹெல்மான்ட்டின் தராசு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊர்க் கல்யாண வீட்டில் கோட்டை அடுப்பு மூட்டுகிறோம். வண்டி விறகு எரிகிறது. விடிந்து பார்த்தால் எத்தனை கூடை சாம்பல் இருக்கிறது? மண்ணில் இருந்து மரம் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய அந்தச் சாம்பல் அளவுதான். மற்றதெல்லாம் காற்றில் இருந்தும் தண்ணீரில் இருந்தும் வெயிலின் பலத்தால் கட்டிய உடம்பு. எரிந்ததும் புகையாகவும் ஆவியாகவும் திரும்பக் காற்றுக்கே போய்விட்டது. காய்ந்த செடியின் எடையில் கார்பன் மட்டுமே கிட்டத்தட்ட 45 சதவீதம். அதில் ஒரு பிடிகூட நீங்கள் போட்ட மூட்டையில் இருந்து வந்ததில்லை.

அப்படியானால் உரம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பச்சையத்தின் நடுவே மக்னீசியம் இருக்கிறது, அதைச் சுற்றித் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் இருக்கிறது. பச்சையத்தைச் செய்ய இரும்பு வேண்டும். எங்கள் செம்மண்ணில் தழைச்சத்தும் மட்கிய பொருளும் குறைவு என்பதால் தொழு உரம் போடச் சொல்லி நானே வருகிறவர்களிடம் எல்லாம் மன்றாடுகிறேன். ஆனால் குழம்புக்கு உப்பு வேண்டும் என்பதற்காக உப்பைச் சோறு என்று சொல்வோமா? சோறு இறங்காத வயிற்றில் உப்பைக் கொட்டினால் என்ன ஆகும்? வடு மாங்காயில் கல் உப்பைப் போட்டு வைத்தால் மறுநாள் மாங்காய் சுருங்கி ஜாடி நிறையத் தண்ணீர் நிற்கிறதே, அதேதான் தொட்டியில் வேருக்கும் நடக்கிறது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு சின்னத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி என்பது கொலை. இந்த வார்த்தையைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அடுத்து, "எங்க வீட்ல நல்ல வெளிச்சம்தானே" என்ற பேச்சு.

ஆச்சியின் வீட்டுக்கு நானே போனேன். தகடுக்குக் கீழே நின்று பார்த்தால் எனக்குமே வெளிச்சமாகத்தான் தெரிந்தது. தரையில் பதித்த ஆத்தங்குடி கல்லின் பூவெல்லாம் பளிச்சென்று இருந்தது, செய்தித்தாள் படிக்கலாம். போனில் ஒளி அளக்கும் செயலியைத் திறந்து மாடத்தின் மேல் வைத்தேன். 400 லக்ஸ்; வெளிச்சத்தை அளக்கும் அலகு அது. அதே போனை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தேன். 90,000க்கு மேல். போன் காட்டுவது துல்லியம் இல்லைதான், ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். இருநூறில் ஒரு பங்குகூட உள்ளே இல்லை. ஆச்சி போனை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்கள்.

நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. இருட்டுக்குள் போனால் கண்மணி விரிந்துகொடுக்கிறது. ஒரு நிமிஷத்தில் பழகிவிடுகிறது. வெளிச்சம் பாதியோ முக்காலோ இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். இலைக்கு அப்படி விரித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. விழுகிற ஒளியை வைத்துத்தான் அதற்கு வருமானம்.

வருமானம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வரவு செலவுக்கு ஐந்தொகை போட்டு வாழ்ந்த ஊர் இது, இந்தக் கணக்கு இங்கே எல்லோருக்கும் புரியும். செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. அது நிற்காத செலவு. பகல் வெளிச்சத்தில் இலை செய்கிற சர்க்கரை வரவு. வரவு செலவைத் தாண்டினால்தான் புது இலை, புது வேர், பூ எல்லாம். வெளிச்சம் ஒரு அளவுக்குக் கீழே போனால் செடி முதல் பணத்தை எடுத்துத் தின்ன ஆரம்பிக்கும். தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்து கரையும், கீழ் இலைகள் ஒவ்வொன்றாக உதிரும். இருக்கிற கடைசிக் காசையும் போட்டு வெளிச்சம் இருக்கும் திசைக்குத் தண்டை நீட்டும். இதைப் பார்த்துத்தான் "உயரமா வளருதே" என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். தயவுசெய்து சந்தோஷப்படாதீர்கள், அது தவிப்பு.

நிழலில் இருக்கும் செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். வெயில் இல்லாததால் இலை வழியாக ஆவி போவது குறைந்துவிடும், மண் காயாது. நாம் பழக்கத்தில் தினமும் ஒரு செம்பு ஊற்றுவோம். வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும்; சேற்றில் அது கிடைக்காது, அழுகும். ஆச்சியின் துளசிக்கு நடந்தது இந்த மூன்றும் சேர்ந்துதான்: பட்டினி, உப்பு, சேறு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இரவில் ஆக்சிஜன் தரும் செடி" என்று எழுதிப் போட்டு விற்கிறார்கள். அதைக் கேட்டு வாரத்துக்கு நான்கு பேர் வருகிறார்கள். பாம்புக் கற்றாழை போன்றவை வறண்ட நிலத்துச் செடிகள். பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீர் போய்விடும் என்று இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துக்கொள்ளும். ஆக்சிஜன் வருவது தண்ணீரைப் பிளப்பதால், அதற்கு வெளிச்சம் வேண்டும். அதனால் ஆக்சிஜனை அதுவும் பகலில்தான் செய்யும். அழகுக்கு வாங்குங்கள், கவனிப்புக் குறைவு என்று வாங்குங்கள், இதற்காக வாங்காதீர்கள். இதன் மறுபக்கம், இரவில் படுக்கை அறையில் செடி இருந்தால் மூச்சு முட்டும் என்ற பயம். ஒரு தொட்டிச் செடி விடும் கரியமில வாயு, பக்கத்தில் படுத்திருக்கும் ஒரு மனிதர் விடுவதில் சிறு துளிதான். பயப்படாமல் தூங்கலாம்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

மல்லிகை, செம்பருத்தி, ரோஜா, துளசி, எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாம் வெயில் செடிகள். நேர் வெயில் ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். அது இல்லாத இடத்தில் இவற்றை வைக்காதீர்கள், வைத்துவிட்டு என்னிடம் வராதீர்கள். பட்டாலை என்கிற கூடத்திலும் அறையிலும் பச்சை வேண்டும் என்றால் மணி பிளான்ட் மாதிரிக் குறைந்த வெளிச்சம் தாங்கும் செடியை, அதுவும் ஜன்னலை ஒட்டி வையுங்கள். முற்றத்தை மூடித்தான் ஆக வேண்டும் என்றால் கம்பி வலை அடியுங்கள், குரங்கு வராது, வெயில் வரும். மழையும் தடுக்க வேண்டுமென்றால் கண்ணாடி மாதிரித் தெளிவான ஷீட் போடுங்கள். வருஷம் இரண்டு தடவை அதைக் கழுவுங்கள். பச்சை ஷீட் வேண்டவே வேண்டாம். அதன் வழியாக வருவது பெரும்பாலும் பச்சை ஒளி, இலைக்கு அதிகம் பயன்படுவது சிவப்பும் நீலமும்.

பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வெள்ளை அடிக்கும்போது செடிகளைத் தள்ளி வையுங்கள், முடியாவிட்டால் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடுங்கள். சுண்ணாம்பு படிந்த இலை என்பது ஜன்னலைச் சாத்திய அடுப்பங்கரை. சாலை ஓரத்து வீட்டுக்காரர்கள் வாரம் ஒரு முறை இலையைத் தண்ணீரால் கழுவினால் போதும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவதை இன்றோடு நிறுத்துங்கள். தூசி ஒட்டிக்கொள்ளும், இலைத்துளை அடைபடும். தங்கும் விடுதியாக மாற்றிய பெரிய வீடுகளில் இதைத் தினமும் செய்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு இருட்டில் கிடந்த செடியை நேரே சித்திரை வெயிலில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். நிழலில் விட்ட இலை மெல்லியது, ஒரே நாளில் கருகிவிடும். முதல் நாலைந்து நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு மணி, இப்படிப் பத்துப் பதினைந்து நாளில் பழக்குங்கள். அதுவரை உரம் கிடையாது, ஒரு சிட்டிகைகூட. புதுக் கொழுந்து வந்து இரண்டு இலை விரிந்த பிறகு ஒரு பிடி மட்கிய தொழு உரம். தண்ணீர் விடும் முன் விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் செம்பைக் கீழே வையுங்கள்.

ஆச்சியின் துளசியில் வேர் முக்கால் பங்கு போய்விட்டது. நுனிக் கிளைகளில் நல்லதாக ஆறு துண்டு வெட்டி மணலில் நட்டிருக்கிறேன், நான்கு துளிர்த்திருக்கின்றன. ஆச்சி மகனுக்குப் போன் போட்டு, கிழக்குப் பக்கத்துத் தகடு இரண்டைக் கழற்றிக் கம்பி வலை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறார்கள். வலை அடித்த பிறகுதான் கன்றைத் தருவேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

உங்கள் செடிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு எனக்குப் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மஞ்சளான இலையை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பாதீர்கள். காலை பத்து மணிக்கு, நான்கு அடி தள்ளி நின்று, தொட்டியும் அதற்கு மேலே இருக்கும் கூரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.