சுடிதார் டாப்பில் சைடு பாக்கெட்: முதலில் ஸ்லிட்டைப் பாருங்கள்

சைடு பாக்கெட் கேட்பவர்கள் பாக்கெட் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். டாப்பின் இரு பக்கமும் கீழே தைக்காமல் விடும் திறப்பான ஸ்லிட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பாக்கெட் மறைந்து நிற்பதும் நடக்கும்போது வெளியே எட்டிப் பார்ப்பதும் ஸ்லிட்டைப் பொறுத்துத்தான்.

சராசரி உயரம் உள்ளவருக்குத் தோளிலிருந்து இடுப்பு 14½ இன்ச், ஸ்லிட் 21 இன்ச் என்று வைத்தால் நடுவில் மிஞ்சுவது 6½ இன்ச். கை தாராளமாக நுழைய பாக்கெட் வாய்க்கே 6 இன்ச் வேண்டும். செல்போன் நழுவாமல் இருக்க, வாய்க்குக் கீழே பை 4 இன்ச்சாவது இறங்க வேண்டும். அப்படியானால் பையின் அடி ஸ்லிட்டைத் தாண்டிவிடுகிறது. அதனால் வெட்டும்போதே ஸ்லிட்டை 24 இன்ச்சுக்கு இறக்கி, வாயை 15-லிருந்து 21 வரை குறியுங்கள். மிச்சம் தாண்டும் ஒரு இன்ச்சைப் பையை அடிக்கும்போது உள்ளே தள்ளி மறைத்துவிடலாம். ஸ்லிட் இறங்கினால் சீட்டில் (பின்புறம் அகலமாக இருக்கும் இடத்தின் சுற்றளவில்) லூஸ் கூட வேண்டும்: உடல் சுற்றளவை விட 4 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் உட்காரும்போது இழுக்கும், பாக்கெட் வாயும் பிளந்துகொண்டு நிற்கும்.

பைக்குக் காட்டன் லைனிங் அல்லது பாப்ளின் போதும். சாட்டின் வேண்டாம், போன் வழுக்கும். வெளிர் நிறத் துணிக்குள் வெள்ளை லைனிங் பளிச்சென்று தெரியும். டாப்பின் நிறத்திலேயே எடுங்கள். இரண்டு பாக்கெட்டுக்கு 8 இன்ச் அகலம், 12 இன்ச் நீளத்தில் நான்கு துண்டுகள்; 36 இன்ச் பன்னாவில் (துணி அகலத்தில்) 35 செ.மீ. வாங்கினால் சரியாக வரும். லைனிங்கையும் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். அது மட்டும் பிறகு சுருங்கினால் பக்கத் தையல் முழுக்கச் சுருக்கம் விழும்.

பின்னாளில் லூஸ் பண்ணுவதற்காக நம் டெய்லர்கள் பக்கங்களில் உள்ளே விடும் 1 இன்ச் துணி இங்கே பெரிய உதவி. பைத்துண்டை, பக்கத் தையல் விழும் ஃபிட்டிங் கோட்டில் வைக்காமல், அந்தத் துணியின் ஓரத்தில் கால் இன்ச் பிடித்துத் தையுங்கள். வாய் கொஞ்சம் விரிந்தாலும் கண்ணில் படுவது டாப்பின் துணிதான், லைனிங் இல்லை. பிற்பாடு அரை இன்ச் லூஸ் செய்தாலும் பையைப் பிரிக்க வேண்டியதில்லை.

டாப்பின் முன், பின் துண்டுகளை இரண்டாக மடித்து, நான்கு மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி அடுக்கி, வாயின் இரு முனைகளையும் ஒரே தடவையில் குறியுங்கள். தனித்தனியாகக் குறித்தால் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் போகும். சீட் வளைவில் துணி சாய்வாக வெட்டுப்படுவதால் முன்பக்க வாய் நாளடைவில் தொங்கும். அதைத் தடுக்க, துணியின் கரையிலிருந்து அரை இன்ச் அகலம், 7½ இன்ச் நீளத்தில் ஒரு பட்டி வெட்டி, ஃபிட்டிங் கோட்டை ஒட்டி உள்ளே விட்ட துணியில் மட்டும் தைத்துவிடுங்கள். தையல் வெளியே தெரியாது.

பைத்துண்டுகளை இணைத்தபின் பக்கத் தையல். கைக்குழியிலிருந்து மேல் குறி வரை வந்து, மூன்று நான்கு முறை ரிவர்ஸ் அடித்து நிறுத்துங்கள். வாயை விட்டுவிட்டு, கீழ்க் குறியில் அதேபோல் கெட்டியாக ஆரம்பித்து ஸ்லிட் வரை போகலாம். வேகத்தில் வாயையும் சேர்த்து அடித்துவிடுவது சர்வ சாதாரணம். அங்கே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பது நல்லது.

அதிகம் கோளாறு வருவது பையைச் சுற்றி அடிக்கும் தையலில். அது ஃபிட்டிங் கோட்டின் மேல் குறியில் தொடங்கி, உள்ளே விட்ட துணியைக் கடந்து, பையைச் சுற்றி, வாய்க்குக் கீழே மறுபடி ஃபிட்டிங் கோட்டிலேயே முடிய வேண்டும். துணி ஓரத்திலேயே நிறுத்திவிட்டால் இரண்டு மூலைகளிலும் ஓட்டை விழும், சில்லறை அதன் வழியாகக் கீழே போய்விடும். பையின் கீழ்ப்பாதியை ஸ்லிட் ஓரத்திலிருந்து 1½ இன்ச் உள்ளே தள்ளி வளைத்து அடியுங்கள். விளிம்பு பிரியாமல் ஓவர்லாக் போட்டு, பை முன்பக்கமாகச் சாயும்படி அயர்ன் செய்யுங்கள்.

மெல்லிய ஜார்ஜெட், தளர்ந்த ரேயான் துணிகளில் போன் பாக்கெட் வைக்காமல் இருப்பதே மேல். போனின் கனத்தில் ஒரு பக்கம் இறங்கி, கீழ் ஓரம் கோணலாகத் தெரியும். சாவி, கைக்குட்டை என்றால் தாங்கும்.

ரெடிமேட் டாப்பில் பிறகு வைக்க வேண்டுமானால் உள்ளே விட்ட துணியை அளந்து பாருங்கள். முக்கால் இன்ச் இருந்து, ஸ்லிட்டும் தோளிலிருந்து 23 இன்ச்சைத் தாண்டித் தொடங்கினால் பிரித்து வைக்கலாம். ஓவர்லாக் விளிம்போடு ஒட்டித் தைத்திருந்தால் பக்கத் தையலைத் தொடாதீர்கள். முன்பக்கம் வெளியே ஒட்டுப் பாக்கெட் போட்டுக்கொள்ளலாம்.