மூட்டை பிரித்த அன்று மாலை வரும் காய்ச்சல்

தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர், ஒரே வருடத்தில் மூன்றாவது தடவையாகக் காய்ச்சலோடு வந்தார். குளிர் நடுக்கம், உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போன்ற வலி, வறட்டு இருமல். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. முந்தைய இரண்டு தடவையும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, இரண்டு நாளில் சரியாகிவிட்டதாம்.

"காய்ச்சல் வந்த அன்னைக்கு என்ன வேலை பார்த்தீங்க?"

"பழைய மூட்டைங்களைப் பிரிச்சுக் கொட்டினோம் டாக்டர். ஒரே தூசி. ஆனா அப்போ ஒண்ணும் இல்லை, சாயங்காலம் வீட்டுக்குப் போனப்புறம்தான் குளிர ஆரம்பிச்சுது."

"கூட இருந்தவங்களுக்கு?"

இரண்டு பேருக்கு அதே ராத்திரி காய்ச்சல்.

தூசியை மூச்சில் இழுத்து 4 முதல் 8 மணி நேரம் கழித்துத்தான் இந்தக் காய்ச்சல் தலைகாட்டும். அதனால்தான் யாரும் இதைத் தூசியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் தானாகவே விட்டுவிடும். குணமாக்கிய பெயர் மட்டும் மாத்திரைக்குப் போய்விடும்.

அந்தத் தூசியில் மண்ணும் உமியும் மட்டும் இல்லை. இலை, தானியம், பஞ்சு எல்லாவற்றின் மேலும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றில் முக்கியமானது பான்டோயா அக்ளோமெரன்ஸ். செடிக்குப் பெரும்பாலும் கெடுதல் செய்யாது. ஆப்பிள், பேரி மரங்களைத் தாக்கும் நெருப்புக் கருகல் நோயைத் தடுக்க இதன் சில வகைகளைத் தெளிக்கவும் செய்கிறார்கள். சிக்கல் அதன் வெளிச்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சில். அது நுரையீரலுக்குள் போனதும் அங்குள்ள காவல் செல்கள் அபாயமணி அடிக்கின்றன. அவை சுரக்கும் பொருள்களே காய்ச்சலையும் வலியையும் கொண்டுவருகின்றன. பாக்டீரியா செத்தாலும் நச்சு சாகாது. கொதிக்க வைத்தாலும் அழியாது. கண்ணாடிக் கலன்களிலிருந்து அதை நீக்க 250 டிகிரி செல்சியஸ் உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இந்தக் காய்ச்சலுக்கு எதற்கு?

இந்த பாக்டீரியா உயிரோடு உடம்புக்குள் போனால் கதை வேறு. செடியின் முள் குத்தி, பாக்டீரியா ஒட்டிய முள் துணுக்கு மூட்டில் தங்கிவிட்டால், வாரக்கணக்கில் வீக்கம் வடியாது. துணுக்கை எடுத்தால்தான் தீரும். முள் குத்தியதை நோயாளியே மறந்திருப்பார்.

எனக்கு அதிகக் கவலை தருவது, திரும்பத் திரும்பத் தூசி குடிப்பவர்கள்தான். பஞ்சாலைகளில் வரும் பிசினோசிஸ் நோயில், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும். அடுத்த நாள் குறையும். வருடங்கள் போகப்போக எல்லா நாளும் இறுக்கம் என்றாகி, மூச்சுக்குழல் நிரந்தரமாகவே சுருங்கிவிடலாம். இன்னொன்று ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி. இது எல்லோருக்கும் வராது, வந்தவருக்கு அடுத்த தடவை கொஞ்சம் தூசியே போதும். மூச்சிளைப்பும் எடை குறைவும் மெல்ல மெல்லச் சேரும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும், தழும்பை அழிக்க மருந்து இல்லை. தானியம் அளப்பவர்களின் இருமலைப் பற்றி இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700-லேயே எழுதிவிட்டார். இன்றும் அந்த இருமலைச் "சளி" என்று எழுதி அனுப்புகிறோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஈரம்தான் முதல் எதிரி: ஈரத்தோடு அடுக்கிய தானியத்திலும் வைக்கோலிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும், பிறகு காய்ந்தாலும் நச்சு மிஞ்சும். காய்ந்த தூசியைத் துடைப்பத்தாலோ காற்றுக் குழாயாலோ கிளப்பாதீர்கள். முகத்தில் துண்டு கட்டுவது போதாது. இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் வேண்டும், அடர்ந்த தாடி இருந்தால் அது ஒட்டாது.

மருத்துவரிடம் போகும்போது, என்ன வேலை செய்தீர்கள், எத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்தது, கூட இருந்தவர்களுக்கு எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, தூசிதான் என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் இருக்க வேண்டாம். அது நிமோனியாவாகவும் இருக்கலாம்.