கலவாயின் வாய்க்குள் போய் வரும் மீன்

வெள்ளவத்தையில் நண்பன் ஒருவன் வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறான். போன வருடம் விரல் நீளத்தில், நீல உடம்பில் கறுப்புக் கோடு ஓடும் 'கிளீனர் ராஸ்' (cleaner wrasse) என்ற மீன் ஒன்றை வாங்கி விட்டான். "மற்ற மீனையெல்லாம் இது துப்புரவாக்கும் மச்சான்" என்றான். அவையோ அதைக் கண்டாலே கல்லிடுக்கில் ஒளிந்தன, மூன்று கிழமையில் அது வயிறு ஒட்டிச் செத்தும் போனது.

கடலில் இதற்கு முருகைக்கல் பாறையில் சொந்தமாக ஓர் இடம் இருக்கும், சலூன் மாதிரி. மீன்கள் தேடி வந்து, செட்டையை விரித்து, வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் நிற்கும். வேறு சின்ன மீன் என்றால் ஒரே வாயில் விழுங்கிவிடும் கலவாயும் அஞ்சாளையும்கூட இதற்கு வாயைத் திறந்து கொடுக்கும்; இது பல்லிடுக்கு, செவுள் என்று எல்லா இடமும் புகுந்து, இரத்தம் குடிக்கும் பேன் அளவான ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு வெளியே வரும். அவுஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் அலெக்சாண்ட்ரா கிரட்டர் என்ற ஆய்வாளர் கணக்கிட்டபோது, ஒரு மீன் ஒரு நாளில் தின்றது ஏறத்தாழ 1,200 ஒட்டுண்ணிகள்.

ஆனால் இதன் நாக்கு வேறொன்றுக்கு ஏங்குகிறது. மீனின் தோல்மேல் இருக்கும் வழும்புதான் இதற்கு அதிக ருசி, கடித்தால் வந்த மீன் துள்ளி ஓடிவிடும் என்பதால் அடக்கிக்கொள்கிறது. எல்லாரிடமும் ஒரே மாதிரி அடக்கிக்கொள்வதும் இல்லை: பல பாறைகளுக்குப் போய்வரும் பெரிய மீனுக்கு முதல் இடம், அந்தப் பாறையை விட்டு நகராத மீன் காத்திருக்க வேண்டியதுதான். காலி வீதிக் கடைகளில் புது ஆளுக்குக் கிடைக்கும் உபசாரம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்காதே, அதே கதை. இன்னொரு மீன் பார்த்துக்கொண்டு நின்றால் கடிப்பது குறையும். சோடியாக வேலை செய்யும்போது பெண் கடித்து வாடிக்கை ஓடிவிட்டால், ஆண் அவளைத் துரத்தும். (அந்த ஆணும் ஒரு காலத்தில் பெண்தான். கூட்டத்தின் ஆண் செத்தால் பெரிய பெண் சில மணி நேரத்திலேயே ஆண்போல நடக்கத் தொடங்கி, இரண்டு மூன்று கிழமைக்குள் முழு ஆணாகிவிடும்.)

சரி, தொட்டிக்கு வருவோம். அங்கே ஒட்டுண்ணி இல்லை, போட்ட தீனியை அது தொடவில்லை. மிச்சம் இருந்தது வழும்பு மட்டும். கடிபட்ட மீன் வேறு பாறைக்கு ஓடவும் வழியில்லை, நான்கு பக்கமும் கண்ணாடி. கல்லிடுக்குத்தான்.