லோட் பாத்: சுமைப்பாதையா, விசைவழியா?

புயலைத் தாங்கும் வீட்டைப் பற்றி ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் பேச்செடுத்தால், சீக்கிரமே வந்துவிடும் சொல் 'லோட் பாத்'. கட்டடத்தின் மேல் படும் விசை ஒவ்வோர் உறுப்பாகக் கைமாறிக் கடைசியில் மண்ணுக்குப் போய்ச் சேரும் வழிக்கு அந்தப் பெயர். ஓட்டிலிருந்து அதைத் தாங்கும் மெல்லிய சட்டமான ரீப்பருக்கு, ரீப்பரிலிருந்து கூரையின் சாய்வான மரமாகிய கைமரத்துக்கு, கைமரத்திலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து அடித்தளத்துக்கு. 'சுமைப்பாதை' என்று நேராகச் சொல்லிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் புயல் என்று வரும்போது அந்தச் சொல் நம்மைத் தப்பான பக்கம் திருப்பிவிடுகிறது.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் 'லாட்' என்றால் வழி, பயணம், கொண்டுசெல்லுதல். நடத்திச் செல்வதைக் குறிக்கும் 'லீட்' அதற்கு உறவு. மாலுமிகளுக்குத் திசை காட்டிய விண்மீனை 'லோட்ஸ்டார்' என்றதும் இந்த வேரிலிருந்துதான். பிற்பாடு, ஏற்றுதல் என்ற பொருளுடைய 'லேட்' (lade) என்னும் வேறொரு வினையின் சாயல் படிந்து, அது பாரத்தைக் குறிக்கும் சொல்லாக மாறியது. ஆக, 'லோட்' என்பதற்குள்ளேயே ஒரு வழி ஒளிந்திருக்கிறது.

நம் 'சுமை' அப்படியல்ல. 'சும' என்னும் வினையில் பிறந்தது. தலையிலோ தோளிலோ ஏறிக் கீழே அழுத்துவது. பளு, பாரம் எல்லாமே கீழ்நோக்கித்தான். பழைய சாலையோரங்களில் இன்றும் நிற்கும் சுமைதாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். எடை கீழே அழுத்துகிறவரை அதுவே கட்டுமானத்தைப் பிடித்து நிறுத்தும். ஓட்டு வீடும் பெரும்பாலும் இதே நம்பிக்கையில் நிற்பதுதான்.

புயல் இந்தத் திசையையே புரட்டிப்போடுகிறது. கூரைக்கு மேலே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைந்து, கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. சரிவு குறைந்த கூரைகளில் இது இன்னும் மோசம்; ஓரங்களிலும் மூலைகளிலும் மிக மோசம். ஒரு ஜன்னல் உடைந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளும். கணக்கு எளிதுதான். காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என எடுத்து, இருமடியாக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது வரும். மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 50 மீட்டர்; விடை 1,500 நியூட்டன். ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ சதுர மீட்டருக்கு 20 கிலோகூட வராது. ஷீட் பறக்காமலிருக்க மேலே மணல் மூட்டையும் கல்லும் அடுக்குகிறோமே, அது தூக்கும் விசையைச் சுமையால் அடக்கப் பார்க்கும் முயற்சி. வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்காகும். எத்தனை மூட்டைதான் அடுக்குவது?

1992 ஆகஸ்ட் 24 விடியற்காலையில் ஆண்ட்ரூ என்ற ஹரிகேன் தெற்கு ஃபுளோரிடாவில் கரையேறியது. ஹோம்ஸ்டெட் பகுதியில் தெருத் தெருவாக வீடுகள் கூரையிழந்தன. அப்புறம் ஆராய்ந்தபோது தெரிந்த விஷயம் மனதை வருத்துவது. கூரைப் பலகையைப் பிடிக்க அடித்த ஸ்டேப்பிள் ஊசிகளும் ஆணிகளும் பல இடங்களில் கீழிருந்த கைமரத்தில் இறங்கவே இல்லை. பக்கத்தில், வெறும் காற்றில் இறங்கியிருந்தன. மரம் வலுவாக இருந்தும் பயனில்லை, வழி முதல் படியிலேயே அறுந்து கிடந்தது. அந்தப் பாடத்தின் மேல்தான் 2002-இல் ஃபுளோரிடா மாநிலம் முழுவதற்குமான கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன.

கைமரம் சுவரோடு சேரும் இடத்தில் ஒரு சின்னப் பொருள் போடுவார்கள். துத்தநாகம் பூசிய எஃகுத் தகட்டுப் பட்டை, கனம் ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும். சாய்வாக அறைந்த வெறும் ஆணியைக் காற்று மரத்திலிருந்து அப்படியே உருவிவிடும். பட்டையிலோ ஆணிகள் கைமரத்தின் பக்கவாட்டில் இறங்குவதால், இழுவை அவற்றுக்குக் குறுக்கே வருகிறது. உருவ முடியாது, ஆணி வெட்டுப்படவோ மரம் பிளக்கவோ வேண்டும். இப்படி ஒவ்வொரு மூட்டிலும் பிடிப்பு இருந்து, சுவரின் அடிச்சட்டம் கான்கிரீட்டில் பதித்த போல்ட்டோடு முடுக்கப்பட்டிருந்தால்தான் வழி முழுமை. ஒரு மூட்டு விட்டுப்போனாலும் மற்றவை வீண்.

வெள்ளத்தில் கதை வேறு. அமெரிக்கக் கடலோரத்தில் அலை மோதும் பகுதிகளில் வீட்டை உயரத் தூண்களின் மேல் நிறுத்துகிறார்கள். கீழே அடைப்புச் சுவர் வைத்தால் அது அலை மோதியதும் கழன்று போகும்படிதான் இருக்க வேண்டும் என்பது விதி. சுவர் எதிர்த்து நின்றால் அலையின் விசை முழுவதும் தூண்களுக்கு ஏறிவிடும். அதனால் அங்கே வழியை வேண்டுமென்றே அறுத்துவைக்கிறார்கள். அலையில்லாத வெள்ளப் பகுதிகளில், ஒரு சதுர அடித் தளத்துக்கு ஒரு சதுர அங்குலம் என்ற அளவில் சுவரில் திறப்பு விட்டு நீரை உள்ளே அனுமதிப்பதும் அதே சிந்தனைதான்.

டொர்னாடோ என்னும் கடும் சுழல்காற்றுக்கு வீடு முழுவதையும் தயார்செய்வது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. 1970 மே 11-இல் டெக்சாஸின் லபக் நகரைத் தாக்கிய டொர்னாடோவுக்குப் பிறகு, டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் பிறந்த யோசனை ஒரே ஓர் அறையைத் தளத்தோடு இறுகப் பிணைப்பது. அதன் சுவரும் கதவும் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் ஏழு கிலோ மரக்கட்டையைத் தாங்குகின்றனவா என்றும் சோதிக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? என் தேர்வு 'விசைவழி'. 'விசை' பள்ளிப் பாடத்திலிருந்தே பழகிய சொல். எந்தத் திசைக்கும் பொருந்தும். 'விசைக்கோடு' காந்தவியலில் ஏற்கெனவே இருப்பதால் அது வேண்டாம். 'வழி' என்றால் 'கைமரம் வழியாக, சுவர் வழியாக' என்று இயல்பாகப் பேசவும் வரும். எடையை மட்டும் பேசும் இடத்தில் 'சுமைப்பாதை' இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே இரண்டு: கூரையை மேலே இழுப்பது 'தூக்குவிசை'; எங்கும் விடுபடாமல் அடித்தளம்வரை போவது 'அறாத விசைவழி'. கொத்தனாரிடமும் தச்சரிடமும் கேட்க வேண்டிய கேள்வி இப்படி அமையும்: "இந்தக் கூரையின் விசைவழி எந்த மூட்டு வரைக்கும் போகிறது?"