பிறந்தது எங்கே, எழுதியது எங்கே?

"சாரே, எனக்க பேரனுக்க சர்டிபிகேட்டு இங்க இல்லேங்கியளே, பிள்ள எங்க வீட்லதானே கெடக்கு?"

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் நான் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது ஒரு பாட்டி இப்படிச் சண்டைக்கு வந்தார். வீடு எங்கள் எல்லைக்குள்தான். பிரசவம் மட்டும் திருவனந்தபுரத்தில், எஸ்.ஏ.டி. மருத்துவமனையில். சட்டப்படி பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும். பேரன் கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தவழ்ந்தாலும் அவன் பெயர் இருப்பது அந்த மாநகராட்சி ஏட்டில். இதைப் பாட்டிக்குப் புரியவைக்க அரை மணி நேரமும் ஒரு சாயாவும் ஆயிற்று.

இந்தக் குழப்பம் பாட்டிக்கு மட்டும் வந்ததல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாநகரமே இதில் மாட்டியிருக்கிறது.

1921-ல் பம்பாயில் பதிவான பிறப்புகளில் ஆயிரத்துக்கு சுமார் 666 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்ததாகக் கணக்கு வந்தது. மூன்றில் இரண்டு. முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிழை அச்சில் இல்லை, வகுத்ததில் இருந்தது. பம்பாய் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு ஊர் என்றால் கொங்கணமும் தக்காணமும்தான். பிள்ளைப்பேற்றுக்குப் பெண்கள் அங்கே போய்விடுவார்கள். பிறப்பு ஊரோடு போயிற்று. சில மாதத்தில் கைக்குழந்தையோடு திரும்பி வருவார்கள், அப்புறம் குழந்தை இறந்தால் அந்தச் சாவு பம்பாய் ஏட்டில் ஏறும்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தெருக்காரர்களில் நூறு பேருக்குக் குழந்தை பிறக்கிறது, அதில் ஐம்பது பேருக்கு ஊரில். வருஷத்துக்குள் முப்பது குழந்தைகள் தெருவில் இறக்கின்றன. உள்ளபடி ஆயிரத்துக்கு 300. ஏட்டின்படி 600.

அதற்காக அந்த எண் வெறும் மாயை என்று தள்ளிவிடவும் முடியாது. அதே கணக்கில் ஒற்றை அறைக் குடித்தனங்களில் ஆயிரத்துக்கு 828, நாலும் அதற்கு மேலும் அறையுள்ள வீடுகளில் 133. ஊருக்குப் போய்ப் பெற்றவர்கள் பெரும்பாலும் ஏழைகள்தான் என்பதால் 828-லும் வீக்கம் உண்டு. ஆனால் அந்தப் பள்ளம் முழுவதையும் வீக்கத்தால் நிரப்பிவிட முடியாது. வெளிச்சமும் காற்றும் இல்லாத அறையில் புகைக்கு நடுவே வளர்ந்த குழந்தைகள் நிஜமாகவே செத்தன. எண் தப்பு, துயரம் தப்பில்லை. பிரசவ விடுதிகள் பெருகி, பிறப்பும் நகரத்திலேயே எழுதப்படத் தொடங்கிய பின், அந்தப் பத்தாண்டு முடியும்போது விகிதம் 300-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. அதில் எவ்வளவு பிழைத்த குழந்தைகள், எவ்வளவு சரியான எழுத்து என்று பிரிப்பது கஷ்டம்.

தலை எண்ணுவதிலும் இதே வம்பு. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. 1901 மார்ச்சில் குடிமதிப்பு எடுத்தபோது ஜனங்கள் பயந்து ஓடியிருந்தார்கள், எண்ணியதில் 7.76 லட்சம் பேர்தான். 1906-ல் நகராட்சி தானே எண்ணிப் பார்த்தது: 9.77 லட்சம். பழைய எண்ணை வைத்து அந்த வருஷச் சாவை வகுத்திருந்தால் விகிதம் கால்பங்கு ஏறித் தெரிந்திருக்கும்.

(தலை எண்ணுவதில் நம் பக்கம் ஒன்றும் பின்தங்கியதில்லை. திருவிதாங்கூர் 1875-லேயே எண்ணிவிட்டது: 23,11,379 பேர். எண்ணுவதை ஒரு நாளில் முடித்துவிடலாம். பிறப்பையும் சாவையும் வருஷம் பூராவும் எழுத வேண்டும், அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறோம்.)

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே பம்பாய்க்கு நேர் தலைகீழாகவும் நடக்கும். மார்த்தாண்டத்தில் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் வண்டி பல நேரம் வடக்கே திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடும். குழந்தை அங்கே இறந்தால் பிறப்பு இங்கே, இறப்பு அங்கே. நம் ஏடு சுத்தமாகத் தெரியும். எங்கள் வட்டாரத்தில் இந்த வருஷம் சிசு மரணமே இல்லை என்று யாராவது பெருமைப்பட்டால் நான் முதலில் கேட்பது, எல்லை தாண்டிப் போன குழந்தைகளை விசாரித்தீர்களா என்றுதான்.

பிறப்புப் படிவத்தில் தாய் வழக்கமாக வசிக்கும் ஊர் என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது. தாய்வீட்டு முகவரியை அதில் எழுதாதீர்கள், பிரசவம் நடந்த ஊரையும் எழுதாதீர்கள். பிறந்த குழந்தையை உரிய ஊரின் கணக்கில் சேர்க்க உதவுவது அந்த ஒரு வரிதான். 21 நாளுக்குள் தகவல் போய்விட வேண்டும். பெயரை அப்புறமும் சேர்க்கலாம், ஒரு வருஷம் வரை கட்டணம் கிடையாது.

இன்னொன்று, இதுதான் அதிகம் விட்டுப்போவது. பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் பால் வெட்டும் ஒரு குடும்பம். மழை, ஜீப் வர வழியில்லை, வீட்டிலேயே பிரசவம். குழந்தை செத்துப் பிறந்தது என்று சொன்னார்கள். கிராம சுகாதார செவிலியருக்குச் சந்தேகம், என்னையும் கூட்டிப் போனார். தாத்தா திண்ணையில் வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"பேரு கூட வைக்கல்ல சாரே, என்னத்த எழுத?"

செவிலியர் பாட்டியிடம் ஒரே கேள்விதான் கேட்டார். அழுததா?

"ரெண்டு தடவ அழுதுது மக்களே. பெறவு வெடியும் வரைக்கும் மூச்சு கெடந்துது."

ஒரு மூச்சு, ஒரு துடிப்பு இருந்தாலும் அது உயிருடன் பிறந்த குழந்தை. ஒரு பிறப்பு, ஓர் இறப்பு, இரண்டையும் எழுத வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் இரண்டு படிவமும் கொடுத்தோம், இரண்டிலும் ஒரே தேதி. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டோம். தகவல் தந்தவர் என்ற இடத்தில் தாத்தா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "பொம்பளப் பிள்ளயாக்கும், அதயும் எழுதிட்டியளா?" என்று கேட்டார்.